வாளியும் ராகமாலிகையும்

நாற்றத்துக்கு ரசீது கிடையாது. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர்களில் குடியிருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நள்ளிரவில் தொண்டையைக் கமறவைக்கும் வாடை வீட்டுக்குள் புகும். பிள்ளைகள் இருமிக்கொண்டே எழுந்து உட்காரும். விடிந்ததும் யாராவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு போன் போடுவார்கள். அதிகாரி வந்து சேர்வதற்குள் காற்று திசை மாறியிருக்கும். வாடை ஒன்றுமில்லையே என்று அவர் எழுதிக்கொண்டு போவார். அந்த நேரத்துக்கு அவர் எழுதியது பொய்யும் இல்லை.

2004-இல் குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் பக்கத்து ஆட்கள் சிலர் கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி வந்தது. பெயிண்ட் கடையில் கிடைக்கிற மாதிரியான மூடிபோட்ட வாளிதான். உள்ளே டெட்லார் என்னும் பொருளால் ஆன ஒரு பை. அந்தப் பை வாயுக்களோடு வினைபுரியாது என்பதுதான் அதன் சிறப்பு. மூடியில் இரண்டு துளைகள். ஒன்றின் வழியாகச் சிறிய பம்பை வைத்து வாளிக்குள் இருக்கும் காற்றை இழுத்து வெளியேற்ற வேண்டும். வாளிக்குள் அழுத்தம் குறையக் குறைய, மற்றொரு துளை வழியே வெளிக்காற்று பைக்குள் ஏறி, பை தானாக உப்பும். அவ்வளவுதான் வேலை. வாடை வந்த அந்த நிமிடத்தில், வாடை வந்த அந்தத் தெருவில், ஒரு பை நிறையக் காற்றைப் பிடித்து மூடிவிடலாம். பை அமெரிக்காவில் உள்ள ஆய்வகத்துக்குப் போகும். நாற்றத்துக்கு முதன்முறையாக ரசீது கிடைத்தது அப்படித்தான்.

இந்த வாளிக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1990-களின் நடுவில் கலிபோர்னியாவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஒன்றின் அருகில் வாழ்ந்தவர்களுக்காக வழக்காடிய எட்வர்ட் மாஸ்ரி என்ற வழக்கறிஞரால் அது பிறந்தது. 'எரின் ப்ராக்கோவிச்' படம் பார்த்தவர்களுக்கு அவரைத் தெரியும். ஆலைப் புகையில் அவருக்கே உடம்பு முடியாமல் போனது. அரசுக் கருவிகளோ எல்லாம் சரியாக இருப்பதாகக் காட்டின. சாதாரண ஆட்கள் தங்கள் வீட்டு வாசலிலேயே வைத்து இயக்கக்கூடிய மலிவான ஒரு கருவியைச் செய்து தரும்படி பொறியாளர்களிடம் அவர் கேட்டார். அங்கிருந்து லூசியானாவின் கறுப்பின மக்கள் குடியிருப்புகளுக்கும், பிறகு தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கும், கடைசியில் கடலூருக்கும் வாளி வந்து சேர்ந்தது.

வாளி பாதிதான். மீதி, நோட்டுப்புத்தகம். எந்தத் தேதி, எத்தனை மணி, காற்று எந்தப் பக்கத்திலிருந்து, வாடை எதைப்போல, உடம்புக்கு என்ன செய்தது என்று ஊர்க்காரர்கள் குறித்துவைத்தார்கள். அழுகிய முட்டை வாடை என்றால் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டைக்கோஸ் வாடை என்றால் மெர்காப்டன் வகை. மூக்கு ஏற்கெனவே அறிந்து வைத்திருந்ததற்கு வேதியியலில் ஒரு பெயர் சேர்ந்தது. மாதிரிகளின் முடிவுகள் அதே ஆண்டு அறிக்கையாக வெளிவந்தன. தலைப்பு 'கேஸ் டிரபிள்'. வயிற்று உப்புசத்துக்கு மருந்துக்கடையில் நாம் சொல்கிற அதே சொல். காற்றில் குறைந்தது 22 நச்சு வேதிப்பொருள்கள் இருந்ததாகவும், அவற்றில் 8 புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்றும் அந்த அறிக்கை சொன்னது. உச்ச நீதிமன்றம் அமைத்திருந்த கண்காணிப்புக் குழு கடலூருக்கு வந்து பார்த்தது. இந்த நச்சு வாயுக்களில் பலவற்றுக்கு இந்தியாவில் வரம்பே வகுக்கப்படவில்லை என்ற சங்கதி அப்போதுதான் பலருக்கும் உறைத்தது. வரம்பு இல்லாதபோது மீறல் எப்படி இருக்கும்?

சுற்றுச்சூழல் கல்வி என்ற பெயரில் நம் பள்ளிகளில் நடப்பதோடு இதை வைத்துப் பார்க்கலாம். 1991-இல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. பாடம் வந்தது. மரம் நடுவோம், நெகிழியைத் தவிர்ப்போம், நீரைச் சேமிப்போம். ஜூன் 5-ஆம் தேதி ஓவியப் போட்டி; பச்சை வண்ணப் பென்சில் தேய்ந்து போகும். குற்றம் சொல்வதற்கில்லை, குழந்தைகள் வரையத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பாடத்தில் மாசுக்கு முகவரி கிடையாது. எல்லோரும் சேர்ந்து கெடுத்தோம், எல்லோரும் சேர்ந்து திருத்துவோம் என்பதுதான் அதன் சாரம். புகைபோக்கிக்கு அடியில் குடியிருக்கும் குழந்தையும், அந்த மின்சாரத்தில் குளிர்சாதனம் போட்டுத் தூங்கும் குழந்தையும் ஒரே உறுதிமொழியை எடுத்துக்கொள்கிறார்கள்.

சூழல் நீதி என்ற பேச்சு தொடங்கியதே இந்த 'எல்லோரும்' என்பதை உடைத்துத்தான். 1982-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில், வாரன் கவுன்ட்டி என்ற இடத்தில், பிசிபி என்ற வேதிப்பொருள் கலந்த நச்சு மண்ணைக் கொட்ட அரசு இடம் தேடியது. தேர்ந்தெடுத்தது ஏழைக் கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த ஒரு பகுதியை. மக்கள் லாரிகளுக்கு முன்னால் சாலையில் படுத்தார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். மண் கொட்டப்பட்டது என்னவோ உண்மைதான். ஆனால் குப்பை எப்போதும் யார் வீட்டு வாசலுக்குப் போகிறது என்ற கேள்வி அதற்குப் பிறகு அடங்கவேயில்லை. அங்கே நிறம் என்றால் இங்கே சாதியும் கடற்கரையும்.

சென்னையில் இந்தக் கேள்விக்கான விடையைத் திசைகாட்டியிலேயே படித்துவிடலாம். அனல் மின் நிலையங்கள், உரத் தொழிற்சாலை, சுத்திகரிப்பு ஆலை, நிலக்கரித் துறைமுகம், கொடுங்கையூர்க் குப்பைமேடு எல்லாம் வடக்கே. சபாக்கள் தெற்கே.

அந்தச் சபாக்களில் ஒலிக்கிற இசை 2017 பொங்கலன்று எண்ணூருக்குப் போனது. 'சென்னை புறம்போக்குப் பாடல்' என்ற காணொளி. பாடியவர் டி.எம். கிருஷ்ணா. எழுதியவர் கபேர் வாசுகி. மெட்டமைத்தவர் வயலின் கலைஞர் ஆர்.கே. ஸ்ரீராம்குமார். இயக்கியவர் ரதீந்திரன் பிரசாத். இதற்கெல்லாம் பின்னால் நின்றவர், கடலூர் வாளிக்கும் பின்னால் நின்ற சூழல் செயற்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமன். ஆனந்தபைரவி, பேகடா, தேவகாந்தாரி, சிந்துபைரவி என்று நகர்கிற ராகமாலிகை. சாகித்யமோ வீட்டுப் பேச்சுத் தமிழ். முகமூடி மாட்டிக்கொண்டு கழிமுகத்து ஓரமாக நின்று ஒருவர் ஆலாபனை செய்வதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

ஊருக்குப் பொதுவான நிலத்துக்கு வருவாய்த் துறை வைத்த 'புறம்போக்கு' என்ற பெயர், நாளடைவில் ஆளைத் திட்டும் சொல்லாகிவிட்டது. பாட்டு அதைத் திருப்பிப் போடப் பார்த்தது. சொல்லைப் பற்றிப் பேசிப் பேசி நிறையக் கட்டுரைகள் வந்துவிட்டன. அதனால் அதை விட்டுவிட்டுப் பாட்டு எந்த நிலத்தில் நின்று பாடப்பட்டதோ அந்த நிலத்தைப் பார்ப்பது மேல்.

கொசஸ்தலையாறு கடலோடு கலக்கிற இடம் எண்ணூர்க் கழிமுகம். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் முதலான மீனவ ஊர்களுக்கு அதுதான் வயல். எந்த ஊரார் என்றைக்கு எந்த இடத்தில் வலை போடலாம் என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' என்ற ஏற்பாடு அங்கே நெடுங்காலமாக இருக்கிறது. எழுதிவைக்காத சட்டம். இருளர் பெண்களுக்கு வலையும் கிடையாது, படகும் கிடையாது. இடுப்பளவு, சில இடங்களில் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி, அடிச்சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் வேலையாக இருப்பதால், பிடித்த இறாலைப் போட்டுவைக்கும் ஓலைக்கூடையைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். மணிக்கணக்காக அப்படி. சேற்றில் கண்ணாடிச் சில்லும் முள்ளும் இருக்கும். ஆற்றின் தரை என்ன ஆனது என்பதை எந்தக் கருவிக்கும் முன்னால் அறிந்துகொண்டவை அந்தக் கைகள்தாம்.

தரைக்கு என்ன ஆனது? சாம்பல் ஆனது. வடசென்னை அனல் மின் நிலையத்தில் எரிந்த நிலக்கரியின் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழம்பாக்கி, செப்பாக்கம் பக்கத்துச் சாம்பல் குளத்துக்குக் குழாய் வழியாக அனுப்புகிறார்கள். அந்தக் குழாய்கள் ஆற்றின் குறுக்கே போகின்றன. பழைய குழாய்கள், ஆண்டுக்கணக்காகக் கசிந்தன. கசிந்த குழம்பு ஆற்றடியில் படிந்து இறுகியது. ஆழமாக இருந்த இடம் முழங்காலளவு ஆனது. படகு தட்டியது. மின் நிலையத்திலிருந்து வெளியேறும் வெந்நீர் வேறு. இறால் குஞ்சுகள் வளர வருகிற இடத்தில் இத்தனையும்.

இதிலே அரசாங்கக் காகிதம் செய்த வேலை தனி. 1996-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த கடலோர வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் 6,000 ஏக்கருக்கும் மேலாக, கட்டடம் எழுப்பக்கூடாத பகுதியாக இருந்தது. பின்னால் வந்த இன்னொரு வரைபடத்தில் அதில் பெரும்பகுதியைக் காணோம். கழிமுகம் அங்கேயேதான் இருந்தது, தாளிலிருந்து மட்டும் போய்விட்டது. தாளில் இல்லாத தண்ணீரை மூடுவதற்குத் தடை ஏது? 2017-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் துணையோடு பழைய வரைபடத்தை வெளியே கொண்டுவந்தார்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், விளக்கமே தேவையில்லை.

பாட்டு ஜனவரி 14-இல் வந்தது. அதே மாதம் 28-ஆம் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கரையெல்லாம் எண்ணெய். நவீன எந்திரங்கள் சேற்றில் திணற, ஆட்கள் வரிசையாக நின்று வாளியால் மொண்டு மொண்டு எடுத்தார்கள். நாடே பார்த்துச் சிரித்தது, அழுதது. பாட்டுக்கும் கப்பல் மோதலுக்கும் நடுவே மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக இலட்சம் பேர் கூடிக் கலைந்திருந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபர் கடைசியில் எண்ணூர் பற்றிப் பதிவிட்ட கமல்ஹாசன், மறுநாளே நேரில் போய்ப் பார்த்தார். எண்ணூர் என்ற பெயர் திடீரென்று எல்லார் வாயிலும் இருந்தது.

ஆனால் பாட்டுக்கு எவ்வளவு பங்கு என்று கேட்டால் பதில் அத்தனை சுலபமில்லை.

கொடைக்கானல் கதையை எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் மூடப்பட்ட ஒரு வெப்பமானித் தொழிற்சாலை, 1983-இல் எந்திரங்களோடு கொடைக்கானலுக்கு வந்து இறங்கியது. முதலில் பாண்ட்ஸ், பிறகு இந்துஸ்தான் லீவர். 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடை ஒன்றில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7.4 டன் மூட்டை மூட்டையாகக் கிடப்பதைச் சூழல் அமைப்புகளும் ஊர்க்காரர்களும் அம்பலப்படுத்தினார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-இல் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. வளர்ந்த நாட்டுக் கழிவு இங்கே வருவதுதான் வழக்கம். அது எதிர்த்திசையில் போன அபூர்வமான சம்பவம் இது. இந்தியச் சூழல் போராட்டங்களில் இதற்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

ஆனால் தொழிலாளர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. சிறுநீரகக் கோளாறு, நரம்புத் தளர்ச்சி என்று முறையிட்டார்கள். உடல்நலக் கேட்டுக்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்பதே நிறுவனத்தின் நிலை. சங்கம் வைத்தார்கள், உயர் நீதிமன்றம் போனார்கள், ஆண்டுகள் போயின. 2015 ஜூலை 30-இல், சென்னையைச் சேர்ந்த சோபியா அஷ்ரப் 'கொடைக்கானல் வோன்ட்' என்ற ராப் பாட்டை வெளியிட்டார். நிக்கி மினாஜின் புகழ்பெற்ற 'அனகோண்டா' மெட்டின் மேல் புதுச் சொற்கள். போபாலை வைத்து 2008-இலேயே ராப் பாடியவர் அவர், புதுமுகமல்ல. சில நாட்களில் இலட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். நிக்கி மினாஜே அதைப் பகிர்ந்தார். தாய் நிறுவனமான யூனிலீவரின் தலைமை நிர்வாகி ட்விட்டரில் பதில் சொல்ல வேண்டிவந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. தொகை வெளியிடப்படவில்லை.

பதினைந்து ஆண்டு நடக்காதது எட்டு மாதத்தில் நடந்தது, எல்லாம் ஒரு பாட்டால் என்று அன்று பத்திரிகைகள் எழுதின. நல்ல கதைதான். ஆனால் 591 பேரின் பெயர்ப் பட்டியல் பாட்டில் இல்லை. அது சங்கத்தின் நோட்டில் இருந்தது. யார் எந்தப் பிரிவில் எத்தனை ஆண்டு வேலை பார்த்தார், யாருக்கு என்ன நோய், யார் இறந்தார் என்ற கணக்கை விடாமல் வைத்திருந்தவர்கள் அந்தத் தொழிலாளர்கள். உயர் நீதிமன்றத்தில் வழக்கு உயிரோடு இருந்தது. பாட்டு வந்து கதவைத் தட்டியபோது உள்ளே பேச ஆள் தயாராக இருந்தது. அப்படி ஆள் இல்லாத இடங்களில் எத்தனையோ நல்ல பாட்டுகள் பார்வை எண்ணிக்கையோடு நின்றுவிட்டன.

இதற்குச் சாட்சி வேறெங்கும் தேட வேண்டாம். 2018-இல் இரண்டாவது கொடைக்கானல் காணொளி வந்தது. சோபியா அஷ்ரபும் டி.எம். கிருஷ்ணாவும் சேர்ந்து பாடினார்கள். இம்முறை பேச்சு மண்ணைப் பற்றி. ஆலை நிலத்தைச் சுத்தம் செய்ய நிர்ணயித்த அளவு, ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம். இந்த அளவை ஐரோப்பாவில் ஒத்துக்கொள்வார்களா, ஆலையை ஒட்டிய பாம்பார்ச் சோலைக்கு மட்டும் இது போதுமா என்பது கேள்வி. இசையாக முதல் பாட்டைவிட இது ஒரு படி மேல் என்றே சொல்லலாம். முதல் பாட்டின் வீச்சில் கால்பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை. தொழிலாளர்களின் கண்ணீர் பரவும், மில்லிகிராம் பரவாது. கலையை நம்பி இறங்குகிறவர்கள் இந்தச் சங்கடத்தை முன்கூட்டியே எண்ணிவைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. அதைப் பேசினால் நண்பர்கள் கோபிப்பார்கள். எண்ணூரைப் பற்றி எண்ணூர்க்காரர்கள் பாடவே இல்லையா? வடசென்னையில் சாவு வீட்டிலிருந்து கல்யாண வீடு வரை கானா ஒலிக்கிறது. குடிசை எரிந்தால், தண்ணீர் வராவிட்டால், பிள்ளை செத்தால் பாடுகிறவர்கள் அவர்கள். அந்தப் பாட்டுகள் தியாகராய நகருக்குக் கேட்கவில்லை. ஒரு கர்நாடக இசைக் கலைஞர் முகமூடியோடு நின்றதும் கேட்டது. காணொளியிலும் கேமரா பெரும்பாலும் பாடகர் மேலேயேதான். இதைக் கிருஷ்ணாவின் குற்றமாகச் சொல்ல முடியாது. தனக்கு வாய்த்த மேடையை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று யோசித்தவர் அவர். ஆனால் கேட்டவர்களின் காது எப்படிப்பட்டது என்பதை அந்தப் பாட்டின் வெற்றி காட்டிக்கொடுத்துவிட்டது. சாம்பல் படிந்த ஆறு இருபது ஆண்டாக இருந்தது. ஆனந்தபைரவி படிந்ததும் தெரிந்தது.

2018 ஜனவரியில் திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் முன்னெடுப்பில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு மேடையேறியபோது, அந்தக் காதுக்கு வேறு வகையில் ஓர் அறை விழுந்தது. கானாவும் ராப்பும் ராக்கும் கலந்து, பாதிக்கப்பட்ட தெருவின் பிள்ளைகளே மேடையில். சூழல் பற்றி மட்டும் பாடவில்லை அவர்கள். சாதி, இட ஒதுக்கீடு, மாட்டுக்கறி எல்லாம் பாடினார்கள். அதுவே சரி. எண்ணூர்க் குழந்தையின் மூச்சிரைப்பைச் சாதியிலிருந்தும் குடியிருப்பிலிருந்தும் பிரித்து 'சுற்றுச்சூழல்' என்று தனிக் கோப்பில் போட முடியாது.

இந்த நெருடலைக் கிருஷ்ணாவும் நித்தியானந்தும் அறியாதவர்களல்லர். 2015-இல் பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில், குப்பத்து மக்களோடு சேர்ந்து ஒரு கலைவிழா தொடங்கினார்கள். பறையாட்டம், வில்லுப்பாட்டு, பரதம், கர்நாடக இசை எல்லாம் ஒரே மணலில். கூப்பிடு தூரத்தில் வீடு வைத்திருந்தும் குப்பத்துக்குள் ஒருநாளும் காலடி வைக்காத பெசன்ட் நகர்வாசிகள் பலர் அன்றுதான் உள்ளே வந்தார்கள். விழாவைக் கிண்டல் செய்தவர்களும் உண்டு: மேட்டுக்குடிக்கு ஒருநாள் சுற்றுலா என்று. அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம்.

விழா மேடையைவிடக் கவனிக்கத்தக்க வேலை அதே கடற்கரையில் சத்தமில்லாமல் நடந்தது. கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை 2011-இன்படி, மீனவ ஊர்களின் குடியிருப்பையும் பொது இடங்களையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும். தமிழ்நாட்டின் வரைவு வரைபடங்களில் அவை விடுபட்டிருந்தன. மீனவ இளைஞர்கள் ஜிபிஎஸ் கருவியோடு கரையோரமாக நடந்தார்கள். படகு ஏற்றிவைக்கும் இடம், வலை உலர்த்தும் இடம், கருவாடு காயவைக்கும் இடம், மீன் ஏலம் போடும் இடம் என்று ஒவ்வொன்றையும் குறித்து, தங்கள் வரைபடத்தைத் தாங்களே தயாரித்தார்கள். ஊரூர் குப்பத்து மூத்த மீனவர் ஒருவர், வாடை, கொண்டல், கச்சான் என்று அன்றாடம் அடிக்கிற காற்றையும், வன்னி, தெண்டி என்று ஓடுகிற நீரோட்டத்தையும், அன்றைக்குக் கிடைத்த மீனையும் பதிவுசெய்ய, படித்த இளைஞர்கள் அவரிடம் கைகட்டிப் பாடம் கேட்டார்கள். இங்கே ஆசிரியர் யார், மாணவர் யார் என்பது தலைகீழாகிவிட்டது. சுற்றுச்சூழல் கல்வி என்று ஒன்று உண்டானால் அது இப்படித்தான் இருக்க முடியும்.

புகைப்படக் கலைஞர் மு. பழனிக்குமார் செய்துவருவதும் இந்த வகைதான். தூய்மைப் பணியாளர்களின் சாவுகளை ஆண்டுக்கணக்காகப் படமெடுத்தவர் அவர். எண்ணூர் இருளர் பெண்கள் கூடையைக் கடித்துக்கொண்டு நிற்கும் காட்சியைப் பலர் முதன்முதலாகப் பார்த்தது அவர் எடுத்த படங்களில். பிறகு வடசென்னைப் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்துக் கற்றுக்கொடுத்தார். அவர்கள் எடுத்த படங்கள் கண்காட்சிக்குப் போயின. வெளியிலிருந்து வருகிறவர் எடுக்கும் வடசென்னைப் படத்தில் புகைபோக்கி வானத்தைக் கிழித்துக்கொண்டு நடுநாயகமாக நிற்கும். அங்கேயே வளர்கிற பிள்ளைக்கு அதில் என்ன புதுமை? அம்மா பாத்திரம் தேய்ப்பது, அப்பா வேலைக்குக் கிளம்புவது, தம்பி படிக்கட்டில் உட்கார்ந்திருப்பது என்றுதான் அதன் கண் போகும். மாசு என்பது சில பேருடைய வாழ்க்கையின் பின்னணி என்பதை அத்தகைய படம் சொல்லிவிடும்.

சட்டம் என்ன செய்தது? காட்டுக்குப்பம் மீனவர் தொடர்ந்த வழக்கில், 2022 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, சாம்பல் மாசுக்கு மின்வாரியத்தைப் பொறுப்பாக்கியது. வழக்கில் வென்றது ராகமாலிகையல்ல. கசிந்த குழாயின் படங்கள், பழைய வரைபடம், நிபுணர் குழு அறிக்கை, ஆற்றைத் தெரிந்த ஆட்களின் வாக்குமூலம். அடுத்த ஆண்டே, மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு சுத்திகரிப்பு ஆலை எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலையாற்றில் பரவியது. அது வழித்தெடுக்கப்படுவதற்குள், டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் கடற்கரையை ஒட்டிய உர ஆலையின் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. போர்வையைச் சுற்றிக்கொண்டு ஊரே ஓடியது. மறுநாள் காலையிலிருந்து பெண்கள் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள்; உட்கார்ந்தவர்கள் வாரக்கணக்கில் எழுந்திருக்கவில்லை. அங்கே ஒலிபெருக்கியில் என்ன பாட்டு ஓடியது என்று யாரும் கட்டுரை எழுதவில்லை.

போராட்டம் என்றால் எப்போதும் பாட்டும் படமுமாக முடிவதில்லை என்பதற்குத் தூத்துக்குடி இருக்கிறது. 2018 மே 22-இல் தாமிர ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள் ஊர்வலத்தில் தொடங்கிய போலீஸ் துப்பாக்கிச்சூடு 13 பேரைக் கொன்றது. அங்கேயும் பாட்டு இருந்தது, துண்டறிக்கை இருந்தது, மண்ணையும் நீரையும் சோதித்த முடிவுகள் இருந்தன.

இருந்தாலும் ஒரு சின்ன வெற்றியைச் சொல்லாமல் விட்டால் கணக்கு நேர்மையாக இருக்காது. 2020-இல் ஊரடங்கு நேரத்தில் மத்திய அரசு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளுக்குப் புதிய வரைவு ஒன்றை ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளியிட்டது. பொது விசாரணைக்கான அறிவிப்புக் காலத்தை 30 நாளிலிருந்து 20 நாளாகக் குறைக்கவும் அதில் இடமிருந்தது. எல்லா அட்டவணை மொழிகளிலும் மொழிபெயர்க்கச் சொன்னது டெல்லி உயர் நீதிமன்றம். அதற்கெல்லாம் காத்திராமல் சென்னை இளம்பெண் ஒருவர் வரைவைப் படித்து, அதன் சங்கதிகளை வீட்டில் பேசுகிற தமிழில் கேமராவைப் பார்த்துச் சொன்ன காணொளி மாநிலமெங்கும் ஓடியது. ஆள் புதிது, இசை கிடையாது, படப்பிடிப்பு கிடையாது. சட்ட வரைவு ஒன்று டீக்கடைப் பேச்சான அதிசயம் நடந்தது. இலட்சக்கணக்கான ஆட்சேபங்கள் டெல்லிக்குப் போயின.

அந்தச் சூடு ஆறுவதற்குள் எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் வந்தது. 330 ஏக்கர் துறைமுகத்தை 6,111 ஏக்கராக்கும் திட்டம். பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற மெல்லிய மணல் திட்டு என்னவாகும் என்பது மீனவர்களின் கவலை. ஓவியங்கள், பறவைப் படங்கள், சிறு விளக்கப் படங்கள், பள்ளிப் பிள்ளைகளின் கடிதங்கள் என்று இளைஞர்கள் இறங்கினார்கள். மீனவ ஊர்கள் பஞ்சாயத்துக் கூட்டித் தீர்மானம் போட்டன. 2021 ஜனவரி 22-ஆம் தேதிக்கு வைத்திருந்த பொது விசாரணை தள்ளிப்போனது. 2023 செப்டம்பர் 5-க்கு மறுபடியும் வைத்தார்கள். அதுவும் தள்ளிப்போனது.

பொது விசாரணை என்பது ஏதோ நீதிமன்றம் மாதிரியான இடமல்ல. பெரும்பாலும் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மைக், மாவட்ட ஆட்சியர், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி, வீடியோ எடுக்க ஓர் ஆள். 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி 30 நாள் முன்னதாகச் செய்தித்தாளில் அறிவிப்பு வர வேண்டும். திட்ட அறிக்கையின் சுருக்கம் தமிழில் இருக்க வேண்டும். அந்தப் பகுதியில் இருப்பவர் நேரில் பேசலாம். வெளியில் இருப்பவர் எழுத்தில் அனுப்பலாம். எல்லாம் பதிவாக வேண்டும். எண்ணூர்ப் பாட்டைக் கேட்டு மனம் கலங்கியவர்கள், கொடைக்கானல் ராப்பைப் பகிர்ந்தவர்கள், கண்காட்சியில் படத்துக்கு முன்னால் நின்று போனவர்கள் எல்லாரும் தங்கள் மாவட்டத்தில் அடுத்த அறிவிப்பு வரும்போது அந்தத் தமிழ்ச் சுருக்கத்தை வாங்கிப் படிக்க வேண்டும். தமிழ் புரியும்படி இல்லையென்றால் அதையே முதல் ஆட்சேபமாக எழுதி அனுப்பலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் அந்தச் சுருக்கம் கிடைக்கும். கேட்டால் தரத்தான் வேண்டும்.